ஆட்டுக்குட்டியின் சதை எப்போது வளர்கிறது?

கொள்ளேகாலில் மகள் வீட்டோடு இருக்கிறேன். 1956 வரை நம் கோவை மாவட்டத்தில் இருந்த ஊர் இது. பிறகு மைசூரு, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ரயில் மட்டும் இன்னும் வரவில்லை. ஆயுள் முழுதும் ரயில்வேயில் உழைத்தவனுக்கு அது ஒரு குறைதான்!

பொழுதுபோக மாப்பிள்ளையும் நானும் ஆறு பன்னூர் செம்மறிகள் வாங்கினோம். பக்கத்து ஊரான பன்னூரின் பெயரால் வழங்கும் இனம். மண்டியா ஆடு என்றும் சொல்வார்கள். குட்டைக் கால், அகன்ற உடல். பின்னாலிருந்து பார்த்தால் கவிழ்த்த 'ப' போலத் தெரியும். கறிக்கென்றே பேர் பெற்றது.

கோடையில் சினை ஆடுகளைக் காய்ந்த புல்லிலேயே விட்டுவிட்டேன். குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. சரி, பிறகு தேற்றிவிடலாம் என்று புண்ணாக்கும் தவிடும் தாராளமாகப் போட்டேன். எடை ஏறியது உண்மை. ஆனால் தொடை நிரம்பவில்லை, வயிற்றில் கொழுப்புதான் சேர்ந்தது. தவறு என்னுடையது.

கால்நடை மருத்துவர் காரணத்தை விளக்கினார். சதை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. அந்த இழைகளின் எண்ணிக்கை தாயின் வயிற்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிறந்தபின் இழைகள் பருக்கும், நீளும்; புதிதாகக் கூடுவது மிகக் குறைவு. எனக்குக் கிரேனின் இரும்பு வடம்தான் நினைவுக்கு வந்தது. எத்தனை புரி என்பதை வடம் முறுக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள் அல்லவா? வடமோ பிறகு பருக்காது. ஆட்டில் இழையை ஒட்டியிருக்கும் துணைச் செல்கள் அதனுடன் இணைந்து வளர்ச்சிக்கு உதவுகின்றன. தீனி அங்கேதான் பயன்படுகிறது.

வளர்ச்சிக்கு வரிசையும் உண்டு. முதலில் எலும்பு, அடுத்து சதை, கடைசியில் கொழுப்பு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ஹாமண்ட் 1932-இல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். சிறுத்துப் பிறந்த குட்டிக்கு அளவுக்கு மீறிப் போட்டால் மிச்சமெல்லாம் கொழுப்பாகிவிடுகிறது.

சதை மிகுந்தால் மட்டும் போதுமா? 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பின்புறம் அசாதாரணமாகப் பருத்த ஒரு கிடா பிறந்தது. மரபணு மாற்றம்தான் காரணம். அதன் வம்சத்தில் சதை அதிகம், கொழுப்பு குறைவு. ஆனால் கறி ரப்பர் மாதிரி! அறுத்தபின் கறியை மெதுவாக்கும் நொதியைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்ற புரதம் அவற்றில் அதிகம். நம் பன்னூர் ஆடு உருவத்தில் சிறியதுதான். ஆனால் சதைக்கு நடுவே கொழுப்பு இழையோடுவதால் கறி மிருதுவாக இருக்கிறது.

இப்போது சினையின் கடைசி ஆறு வாரமும் தாய்க்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம், கூடவே அகத்தித் தழை கொடுக்கிறோம். குட்டியின் எடை பெரும்பகுதி ஏறுவது அந்தக் காலத்தில்தான். அதற்கு முந்தைய மாதங்களிலும் பட்டினி போடுவதில்லை, ஏனென்றால் இழைகள் உருவாவது அப்போது.

இந்த ஈட்டில் பிறந்த கிடா நன்றாக வந்திருக்கிறது. பக்ரீத்துக்கு இப்போதே கேட்கிறார்கள். விற்றுவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. அசல் பன்னூர் கிடா கிடைப்பதே அரிதாகி வருகிறது, இனத்துக்கு வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.