பிரசவத்திற்குப் பின் இடுப்புத் தளத் தசைகளைப் பேணும் முறை

குடியானவர் இல்லங்களில் வேலைப் பொறுப்பின் பெரும் பகுதி தாயின் தேக வலிமையைச் சார்ந்திருக்கின்றது என்பது யாவரும் அறிந்த விஷயமே. எனினும், கன்று ஈன்ற பசுவுக்குத் தீனியும் ஓய்வும் கணக்காய்க் கொடுப்பவர்கள்கூட, பிள்ளை பெற்ற மனைவியின் உடலில் நேர்ந்துள்ள குறை யாதென்று கேட்டறிவது அரிதாயிருக்கின்றது. அக்குறைகளுள் வெளியே சொல்லப்படாதது ஒன்று உண்டு. இருமும்போதும், தும்மும்போதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் தன்னையறியாமல் கசிவதே அது.

பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இக்குறை ஏற்படுகின்றது. "பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும்" என்று மூத்தோர் சொல்லி விடுவதால், பலர் இதை வாழ்நாள் முழுவதும் சகித்துக்கொள்கின்றனர். பஸ்ஸில் ஏறவும், கலியாணத்திற்குச் செல்லவும் கூசுவோர் உண்டு. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. இது பலருக்கும் வருவது என்பது மெய். ஆயினும், சகித்தே தீர வேண்டியது என்பது மெய்யன்று. பெரும்பாலோருக்கு இதைத் தக்க பயிற்சியினாலேயே குறைக்கவோ போக்கவோ கூடும்.

குறை ஏற்படும் விதம்

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புற எலும்பு முதல் முதுகெலும்பின் கீழ் நுனி வரையில், தூளித் துணிபோல் ஒரு தசைப் படலம் அமைந்திருக்கின்றது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது இதுவே. மலஜலத்தை அடக்கி வைக்கவும் இதுவே உதவுகின்றது. கருவுற்ற மாதங்களில் இத்தசைகள் மிகுந்த பாரத்தைச் சுமக்கின்றன. பிரசவ காலத்தில் பெரிதும் விரிந்து கொடுக்கின்றன. சிசு பெரிதாயிருப்பினும், நெடுநேரம் முக்க நேரினும், ஆயுதமிட்டுச் சிசுவை எடுக்க நேரினும் தசைகள் அதிகமாய் நைந்து போகலாம். வயிற்றை அறுத்துப் பிரசவம் செய்விக்கப்பட்டவர்களுக்கும் இக்குறை நேரலாம். பத்து மாதம் சுமந்த பாரம் அவர்களுக்கும் பொதுவன்றோ?

இப்பயிற்சியின் வரலாறு

லண்டனிலுள்ள செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் மின்னி ராண்டல் என்னும் அம்மையார் 1930-களிலேயே தாய்மாருக்குத் தேகாப்பியாசங்களைப் போதித்து வந்தார். அமெரிக்க வைத்தியரான ஆர்னால்ட் கீகல் என்பவர், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கிப் பழக்கும் முறையை 1948-ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். தசை சுருங்கும் அளவை முள் அசைவால் காட்டும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். அது முதல் இம்முறை பல தேசங்களில் பரவியது. பிரான்ஸ் தேசத்தில் பிரசவத்திற்குப் பின் இப்பயிற்சியைக் கற்கும் செலவை அரசாங்கக் காப்புறுதி நிதியே ஏற்று வருகின்றது. இத்தகைய பயிற்சிகளைக் கற்பிக்கும் துறையே பிஸியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாகும்.

பயிற்சி செய்யும் முறை

முதலில் தசையை அறிதல் வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோலவும், சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒருங்கே எண்ணி, ஆசனவாயையும் அதன் முன்பகுதியையும் உள்ளும் மேலுமாக இழுத்தால், சுருங்குகின்ற தசையே அது. அப்பொழுது மூச்சை அடக்கலாகாது. பிட்டத்தையும் தொடையையும் இறுக்கலாகாது. கீழ்நோக்கி முக்குதல் கூடவே கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் தவறு. அதனால் மூத்திரப்பை முற்றும் காலியாகாமற் போகலாம்.

ஆரம்பத்தில் படுத்த நிலையில் செய்வது எளிது. மூன்று நான்கு விநாடிகள் சுருக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் முற்றிலும் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியின் பாகமேயாகும். இவ்வாறு ஒரு வேளைக்கு 8 தடவையாக, தினம் 3 வேளை செய்தல் வேண்டும். வலிமை கூடக்கூட, பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடி வரை உயர்த்தலாம். பின்னர் உட்கார்ந்தும், நின்றும் செய்து பழகலாம். இருமுவதற்கும் சுமை தூக்குவதற்கும் சற்று முன்னதாகவே தசையைச் சுருக்கிக்கொள்ளுதல் கசிவைத் தடுக்கும் நல்ல உபாயமாகும்.

சிறுநீர்க் குழாய் எடுக்கப்பட்டு, சிறுநீர் இயல்பாய்க் கழியத் தொடங்கிய பின், வலியில்லாத அளவுக்கு மெல்லத் தொடங்கலாம். பலன் ஒரு வாரத்தில் தெரியாது. சேமிப்புக் கணக்கில் சிறுகச் சிறுகச் செலுத்துவதுபோல, குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட வைத்திய வழிகாட்டி, கசிவுள்ளவர்களுக்கு, பழகியவரின் மேற்பார்வையில் மூன்று மாதப் பயிற்சியையே முதற் சிகிச்சையாக வகுத்திருக்கின்றது. குறையேதுமில்லாத தாய்மார் அனைவரும் இதைக் கட்டாயமாய்த் தொடங்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கசிவு கண்டவர்கள் அலட்சியம் செய்யாதிருப்பதே முக்கியம்.

இல்லத்தார் கவனிக்க வேண்டியவை

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் மலம் இறுகுகின்றது. முக்கி முக்கி மலம் கழிக்கையில் நைந்த தசை மேலும் நைகின்றது. ஆகையால் வேண்டிய அளவு தண்ணீரும், கீரை, காய், பழங்களும் கொடுத்தல் அவசியம். வயிற்றில் துணி கட்டுவது சிலருக்கு இதமளிக்கலாம். ஆனால் அது இடுப்புத் தளத் தசைகளை வலுப்படுத்தாது. மூச்சு முட்ட இறுக்குவது தகாது. தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, விறகுக் கட்டு முதலியவற்றை முதல் ஆறு வாரங்களாவது மற்றவர்கள் சுமந்துகொள்ள வேண்டும். நாட்பட்ட இருமலுக்கும் உடனே வைத்தியம் பார்த்தல் நலம்.

வைத்தியரிடம் செல்ல வேண்டிய சமயங்கள்

பின்வருவனவற்றிற்குப் பயிற்சி மட்டும் போதாது: பிறப்புறுப்பில் ஏதோ கீழிறங்குவதுபோன்ற உணர்ச்சி, மலத்தையோ வாயுவையோ அடக்க இயலாமை, சிறுநீர் கழிக்க முடியாமை, தையல் போட்ட இடத்தில் ஓயாத வலி. தசை தளராமல் இறுகியிருப்பதாலும் வலி வரலாம். அந்நிலையில் மேலும் சுருக்கிப் பழகுவது வலியை மிகுவிக்கலாம். இரவும் பகலும் இடைவிடாமல் சிறுநீர் ஒழுகினால், பிரசவத்தில் மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துவாரம் விழுந்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், மிகுதியான உதிரப்போக்கு ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அங்கத்தினர் கடமை

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவிக்கச் செல்லும் நாளே, தாயின் குறையையும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடமோ தெரிவிக்க ஏற்ற தருணம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகையால் நகரத்தார்க்கு மாத்திரமே உரிய சிகிச்சை இது என்று எண்ண வேண்டியதில்லை.

நாணத்தால் ஒரு பெண் சொல்லாததை, அன்பாய் விசாரிக்கும் கணவனும் மாமியாரும் எளிதில் அறிந்துகொள்ளலாம். இப்பயிற்சிக்குப் பணச் செலவு இல்லை, கருவி வேண்டியதில்லை, தினம் சில நிமிஷ நேரமே வேண்டும். அந்த நேரத்தை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பதும், அவள் தலைச் சுமையைச் சில காலம் தாம் ஏற்பதும் இல்லத்து ஆடவர் செய்யத்தக்க உதவிகளாகும்.