தெஹ்ரானில் கார் வாங்கப் போகிறவருக்கு

தெஹ்ரானில் ஒரு வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் முதல் போன் ஃபெர்தௌசி தெருவுக்குத்தான் போகும். பணம் மாற்றும் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெரு அது. டாலர் இன்றைக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கார், என்ன நிறம் என்ற பேச்செல்லாம்.

2015-இல் அணுசக்தி ஒப்பந்தம் முடிவானபோது வெளிச்சந்தையில் ஒரு டாலர் ஏறத்தாழ 33,000 ரியால். 2018 செப்டம்பரில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வங்கியில் பணம் போட்டிருந்த குடும்பங்களின் சேமிப்பு கண்ணெதிரே கரைந்தது. வாசலில் கார் நிறுத்தியிருந்தவர்கள் தப்பித்தார்கள். நம் வீடுகளில் நகை செய்கிற வேலையை அங்கே கார் செய்கிறது. ஆஸ்பத்திரிச் செலவென்றாலும் கல்யாணச் செலவென்றாலும் முதலில் விலைக்குப் போவது அதுதான்.

அந்த வருடங்களில் குடும்பத்தோடு அங்கே வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். புதுக் காருக்கு முன்பணம் கட்டிக் காத்திருக்காதீர்கள். வேறு எந்தத் தவறுக்கும் நிவர்த்தி உண்டு, இதற்குக் கிடையாது.

2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்ததும் ஃபிரெஞ்சுக் கார் நிறுவனங்கள் பெரிய திட்டங்களோடு ஈரானுக்குள் வந்தன. புது மாடல்களுக்கு முன்பதிவு மும்முரமாக நடந்தது. எங்கள் மேல்வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். தானும் கணவரும் சேர்த்துவைத்ததில் பெரும்பங்கை ஒரு விற்பனை நிலையத்தில் கட்டிவிட்டு, ஒப்பந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தார். 2018 மே 8 அன்று டிரம்ப் அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகினார். ஜூனிலேயே பெஜோவின் தாய் நிறுவனம் ஈரான் வேலைகளை நிறுத்தத் தொடங்கியதாக அறிவித்தது. ஆகஸ்டில் கார் துறை மீதான அமெரிக்கத் தடை மறுபடி அமலுக்கு வந்தது. ரெனோவும் நின்றது. டாலரைக் காப்பாற்ற ஈரான் அரசே வெளிநாட்டுக் கார் இறக்குமதியைத் தடை செய்து, 2022 வரை கதவைத் திறக்கவில்லை. உள்ளூரில் தயாரான கார்களோ கம்ப்யூட்டர் பெட்டி இல்லாமல், சென்சார் இல்லாமல், பல்லாயிரக்கணக்கில் தொழிற்சாலை வளாகங்களில் வெயில் காய்ந்தன.

ஆசிரியைக்குக் கார் வரவில்லை. போய்க் கேட்டால், இன்றைய விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அலைந்து ஓய்ந்து பணத்தைத் திரும்ப வாங்கியபோது அதில் பழைய காரில் பாதிகூட வாங்க முடியாத நிலை. கையெழுத்து வாங்கிய நாளில் தேநீரும் பிஸ்தாவும் கொடுத்து உபசரித்த அதே மேலாளர், பிறகு அவரை வாசலில் நிற்கவைத்துப் பேசினார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

நடந்ததை எதிர்பார்த்திருக்க முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2012 தொடக்கத்திலேயே பெஜோ ஒருமுறை ஈரானுக்கு உதிரிபாகம் அனுப்புவதை நிறுத்தியது. அப்போது ஃபிரான்சுக்கு அடுத்தபடியாக அதன் கார்கள் அதிகம் போன நாடு ஈரான்தான். அவ்வளவு பெரிய சந்தையையே விட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டாம் முறை போகமாட்டார்கள் என்று விற்பனையாளர்கள் எந்த முகத்தோடு உறுதி சொன்னார்கள்?

ஆசிரியை முன்பணம் கட்டிய அதே சமயத்தில் நான் பழைய பெஜோ 405 ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். அலுவலகத்தில் ஒருவர் அதைப் பழைய இரும்பு என்றார். கொஞ்சம் பொறுத்தால் புதுக் கார் எடுக்கலாமே என்று மாதக்கணக்கில் உபதேசம் செய்தார். அவர் முன்பதிவு செய்த கார் என்னவாயிற்று என்று எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ரொக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசாவோ மாஸ்டர்கார்டோ ஈரானில் செல்லாது. வெளிநாட்டுச் சம்பளக்காரர் டாலரைக் கையில் கொண்டுவர வேண்டியதுதான்.

ஏன் 405? அதே குடும்பத்து எஞ்சின் சமந்த் என்ற உள்ளூர்க் காரில் உண்டு, பெஜோ பார்ஸில் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வந்தாலும் போனாலும் அதன் பாகங்கள் அமீர் கபீர் தெருவில் கிடைக்கும். செராக் பர்க் என்ற பழைய பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரர் உடனே புரிந்துகொள்வார். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “அசலா, சீனாவா, உள்ளூரா?” மூன்றுக்கும் மூன்று விலை. டைமிங் பெல்ட், பிரேக் பேடு இரண்டையும் அசலாகவே வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கே போதும்.

பிரைடு இதைவிட மலிவு. கியா வடிவமைப்பில் 1993 முதல் 2020 வரை ஈரானில் தயாரான கார். எந்தத் தெருவில் பார்த்தாலும் நாலு நிற்கும். என் மனைவி அதன் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாதுகாப்புத் தரம் எட்டாமல் அரசே கடைசியில் அதன் தயாரிப்பை நிறுத்தவைத்தது. அவள் சொன்னதுதான் சரி. வெள்ளிக்கிழமை உல்லாசப் பயணத்துக்குக் கம்பளம், சமோவர், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் விழுங்கும் டிக்கியும் 405-க்குத்தான் உண்டு. நவ்ரூஸ் என்ற புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு ஊரே பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் இருக்கும்.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். நாங்கள் கூட்டிப்போனவர் எஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் கதவோரத்து ரப்பர் பீடிங்கை விரலால் நெம்பி, உள்ளே மறைந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பானெட் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். மறுபெயின்ட் அடித்த கார் என்றால் அங்கே விலை சட்டென்று இறங்கிவிடும். கடைசியாகத் தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தார். காரணம் உண்டு. 405-இன் உடலை வைத்து, உள்ளே பழைய பேய்கானின் பாகங்களைப் பொருத்தி ஆர்டி என்ற பெயரில் கொஞ்ச காலம் விற்றார்கள். 1967-இல் தயாரிப்புக்கு வந்த கார் பேய்கான். பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தெரிந்தால் எழுந்து நடையைக் கட்டுங்கள்.

இன்சூரன்ஸ், புகைச் சான்று, கையெழுத்து எல்லாம் ஒரு நாள் வேலை. நம்பர் பிளேட் காருக்கு இல்லை, ஆளுக்கு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். போக்குவரத்துப் போலீஸ் மையத்தில் பழையவரின் பிளேட்டைக் கழற்றி உங்களுடையதை மாட்டுவார்கள். பெட்ரோல் அட்டையையும் விட்டுவிடாதீர்கள். 2019 நவம்பரில் விலையை ஏற்றியபோது அந்த அட்டைக்கு மாதம் 60 லிட்டர் வரை லிட்டர் 1,500 தோமான், அதற்கு மேல் இரட்டிப்பு என்று வைத்தார்கள். பத்து ரியால் ஒரு தோமான். பேச்செல்லாம் தோமானில்தான் நடக்கும்.

2020-இலிருந்து தொழிற்சாலை விலைக்குப் புதுக் கார் வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும் என்றானது. விழுந்தால் லாட்டரியேதான், வெளிச்சந்தை விலை அவ்வளவு அதிகம். கணவன், மனைவி, மாமியார், கல்லூரிப் பையன் என்று வீட்டில் உள்ள எல்லார் பெயரிலும் பதிந்தார்கள். பிறகு மக்கள்தொகையைப் பெருக்கும் சட்டம் வந்து, இரண்டாவது குழந்தையோ அதற்கடுத்ததோ பெற்ற தாய்மார்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்தது. பிரசவ வார்டில் கார் பேச்சு நடக்கும் நிலைக்கு ஒரு நாட்டின் குடும்பங்களைத் தள்ளியதில் வாஷிங்டனுக்கும் பங்குண்டு, தெஹ்ரானுக்கும் பங்குண்டு.

ஊர் திரும்பும்போது 405-ஐ வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ரியாலுக்கு விற்றோம். டாலரில் பார்த்தால் கொஞ்சம் நஷ்டம். அத்தனை காலம் ஓட்டியதற்கு வாடகை என்று வைத்துக்கொண்டோம். வாங்க வந்த தம்பதி அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுத்துப் பிளேட் மாற்றவும் நேரம் குறித்துவிட்டார்கள். அடுத்த குலுக்கல் வரை பொறுக்கலாம் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்த மைத்துனரை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.