சந்தையில் வாங்கிய கோழி

சாந்திபுரம் ஆந்திர மாநிலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. குப்பத்துக்குப் பக்கத்து ஊர். தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் இங்கிருந்து தூரம் இல்லை. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் இந்தப் பக்கத்துச் சந்தைகளில் காதில் விழும். சந்தைக்குச் சந்தை கோழிகளும் போகும், வரும். கோழிகளோடு நோயும் வரும்.

இந்தப் பக்கத்தில் ஒரு வீடு. மாமியார், மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர். மாமியாரிடம் 11 கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசு அவருடைய சுருக்குப் பையில் சேரும். ஜூன் மாதம் பேத்திக்குப் பள்ளிக்கூடம். அப்போது 3 சேவல்களை விற்பது என்று வைத்திருந்தார்.

ஒரு நாள் மாமியார் சந்தைக்குப் போனார். ஒருவர் ஒரு பெட்டைக் கோழியைப் பாதி விலைக்குக் கொடுத்தார். மாமியாருக்குச் சந்தோஷம். கோழியை வாங்கி வந்தார். அன்று இரவே மற்றக் கோழிகளோடு கூட்டில் அடைத்தார்.

கோழிகள் சாகின்றன

இரண்டாம் நாள் புதுக் கோழி தீனி எடுக்கவில்லை. இறகைத் தொங்கப் போட்டுத் தூங்கி வழிந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் செத்தது.

ஒரு வாரத்தில் மற்றக் கோழிகளுக்கும் அதே கழிச்சல். ஒரு சேவலுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ஒரு பெட்டைக்குக் கால் இழுத்துக்கொண்டது. 5 கோழிகள் செத்தன. 6 கோழிகள் மீதி. அவையும் சோர்ந்து நின்றன.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"அக்கா, நாளைக்குச் சந்தை. இருக்கிறதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பாதிக் காசாவது வரும்."

மாமியார் கூடையை எடுத்தார். மருமகள் அவர் கையைப் பிடித்தாள்.

"அத்தை, உங்களுக்கு அந்தக் கோழியைப் பாதி விலைக்குக் கொடுத்தாரே, அவரும் இப்படித்தானே நினைத்திருப்பார்?"

மாமியார் கூடையைக் கீழே வைத்தார்.

கால்நடை மருத்துவர் சொன்னது

மருமகள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். மருத்துவர் வந்து பார்த்தார்.

"இது வெள்ளைக் கழிச்சல். தெலுங்கில் கொக்கெர தெகுலு என்பார்கள். டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள்" என்றார்.

ராணிக்கெட் என்பது ஓர் ஊரின் பெயர். இமயமலைப் பக்கம் இருக்கிறது. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் இந்த நோயை அங்கே கண்டறிந்தார்கள். அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் 1926-இல் இதே நோய் வந்தது. அதனால் வெளிநாடுகளில் இதை நியூகாசில் நோய் என்கிறார்கள்.

"மருந்து கொடுங்கள் ஐயா" என்றார் மாமியார்.

"வந்த பிறகு இதைக் குணமாக்க மருந்து இல்லை அம்மா. இது வைரஸ் என்ற நுண்ணுயிரால் வருகிறது. கடையில் விற்கும் மாத்திரை இதைக் கொல்லாது. வராமல் தடுக்கத்தான் மருந்து உண்டு."

நோய்க் கோழியின் எச்சம், சளி இவற்றில் நோய்க்கிருமி இருக்கும். தீனித் தட்டு, தண்ணீர்ச் சட்டி, நம் செருப்பு, கை இவற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகும்.

மருத்துவர் சொன்னபடி வீட்டில் செய்தார்கள். செத்த கோழிகளை ஆழமான குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். நோய்க் கோழிகளைத் தனியாக அடைத்தார்கள். பழைய எச்சத்தையும் வைக்கோலையும் எரித்தார்கள். கூட்டைக் கழுவிக் காயவைத்து, சுண்ணாம்பு அடித்தார்கள். கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். இந்த நோய்க்கிருமி பட்டால் மனிதருக்கும் கண் சிவக்கலாம்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். பல கோழிகள் திடீரென்று செத்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் அது வந்தது. அதனால் வெறுங்கையால் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். செத்த கோழியைத் தின்னக் கூடாது. ஏரியிலோ கால்வாயிலோ வீசவும் கூடாது.

6 கோழிகளில் 2 பெட்டைகள் மட்டும் பிழைத்தன. சேவல் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஜூன் மாதம் கடன் வாங்கித்தான் பேத்திக்கு நோட்டும் பையும் வாங்கினார்கள்.

மறுபடியும் குஞ்சுகள்

மாதங்கள் போயின. இரண்டு பெட்டைகளும் நல்ல தீனி எடுத்தன. ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. நோய் வராத ஒரு வீட்டில் மருமகள் முட்டை வாங்கினாள். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பார்த்து 10 எடுத்தாள். கூடையில் வைக்கோல் பரப்பி அடை வைத்தாள். 21-ஆம் நாள் 8 குஞ்சுகள் பொரித்தன.

குஞ்சுகளுக்கு முதலில் வேண்டியது சூடு. இரவில் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தார்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர் என்று பொருள். இறகை விரித்து விலகி ஓடினால் சூடு அதிகம் என்று பொருள்.

அரிசி நொய்யும் உடைத்த கம்பும் தூவினார்கள். மாமியார் பழைய பானையில் சாணமும் சருகும் போட்டு, கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்தார். குஞ்சுகள் ஓடி ஓடித் தின்றன. தண்ணீரைத் தட்டையான தட்டில் வைத்து, நடுவில் கூழாங்கல் போட்டார்கள். அப்படி வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. தரை ஈரமாக இருந்தால் ரத்தக் கழிச்சல் வரும். அதனால் ஈரத் தவிட்டை அன்றன்றே மாற்றினார்கள்.

ஒரு புட்டி மருந்து

மருமகள் சுவரில் இருந்த காலண்டரை எடுத்தாள். பொரித்த நாளில் வட்டம் போட்டாள். பிறகு 3 தேதிகளைக் குறித்தாள்.

7-ஆம் நாள்: கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு மருந்து.
28-ஆம் நாள்: மறுபடியும் சொட்டு மருந்து.
56-ஆம் நாள், அதாவது 8 வாரம்: இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு புட்டியில் பெரும்பாலும் 100 கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். அதை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 8 குஞ்சுகளுக்காக ஒரு புட்டியை உடைத்தால் மீதி வீண்.

மருமகள் வீடு வீடாகப் போனாள்.

"உங்கள் வீட்டில் எத்தனை குஞ்சு அக்கா?"

15 வீடுகளில் கணக்கு எடுத்தாள். 94 குஞ்சுகள். கணக்கை எழுதிக் கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். ஒரு நாள் காலை, வெயில் ஏறும் முன் மருந்து வந்தது. நல்ல உடம்போடு இருந்த குஞ்சுகளுக்கு மட்டும் சொட்டு விட்டார்கள். சோர்ந்த குஞ்சுகளை விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட தடுப்பு மருந்துகளைச் செய்யும் பழைய நிலையம் ஒன்று தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் இருக்கிறது. 1932-இல் தொடங்கியது. மருந்து புதிது அல்ல. அது நம் தெருவுக்கு வர, தெருவே சேர்ந்து கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் 6 குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்தாள்.

"அன்றைக்குச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொன்னேனே அக்கா" என்றாள்.

"கொண்டுபோயிருந்தால் இன்னொரு வீட்டுக் கூடு காலியாகியிருக்கும்" என்றார் மாமியார்.

இப்போதும் மாமியார் சந்தையில் கோழி வாங்குகிறார். ஆனால் வாங்கிய கோழியை 3 வாரம் தனியாகக் கட்டி வைக்கிறார். தீனியும் தண்ணீரும் தனிச் சட்டியில்தான். நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூட்டில் விடுகிறார்.

பேசிப் பாருங்கள்

1. மாமியார் ஏன் கூடையைக் கீழே வைத்தார்?
2. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் கோழி வளர்க்கிறார்கள்? மொத்தம் எத்தனை குஞ்சுகள்?
3. மார்ச் 2-ஆம் தேதி குஞ்சு பொரித்தது. அதிலிருந்து 7 நாள் கழித்து எந்தத் தேதி? 28 நாள் கழித்து எந்தத் தேதி? எழுதிப் பாருங்கள்.