வண்டி யார் பேரில்?

விழிஞ்ஞம்

அன்பு மகளே,

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. டிராவலர் வேனுக்குள் கட்டில் போட்டது, கூரையில் சோலார் மாட்டியது, பின்கதவைத் திறந்தால் அடுப்பு வெளியே நீண்டு வருவது எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. பின்சக்கர மேட்டின் மேல் செம்பிக்கென்று மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே ஹார்பரில் வலைக்குவியலுக்கு அடியில் கண் திறக்காமல் கிடந்த நாய்க்குட்டி அது. நீ அதை எடுத்து என் முந்தானையில் சுற்றிய அன்று, இது பிழைக்கும் என்று வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

உன் அப்பா தினமும் ஃபோன் பண்ணுகிறார். பெண்பிள்ளை ராத்திரி ரோட்டோரம் வண்டிக்குள் படுப்பதா, நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு நாயோடு ஊர் ஊராகப் போவதா என்று ஒரே புலம்பல். நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், வேலை போனால் இன்னொரு வேலை வரும், அவள் போகட்டும் என்று. எனக்குத் தூக்கம் போனது நீ அனுப்பிய கடைசிப் படத்தால். செம்பியின் தடுப்பூசிப் புத்தகம். அதில் உரிமையாளர் என்ற இடத்தில் உன்னோடு பயணம் வருகிற அந்தத் தம்பியின் பெயர் எழுதியிருந்தது.

கேட்டால், "அவர்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார், அவர் பேரை எழுதிட்டாங்க, அதுல என்ன அத்தை?" என்கிறாய். வண்டியின் ஆர்.சி.யும் அவர் பேரில். பாதிப் பணம் உன்னுடையது. அதிலும் "அதுல என்ன?"தான்.

அதில் என்ன என்பதை நம் வீட்டில் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை. வள்ளத்து விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்; அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். குளச்சலிலிருந்து நான் போட்டுக்கொண்டு வந்த நகையை விற்றுத்தான் அந்த ஃபைபர் வள்ளத்தையும் இரண்டு எஞ்சினையும் வாங்கினோம். பதிவு பண்ணும் நாளில், பொம்பளை பேரில் எதற்கு என்றார்கள். மாமாவின் அட்டையில் ஏதோ சிக்கல் என்று சொல்லி உன் சின்ன மாமா பேரில் எழுதினார்கள். எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றார்கள். வள்ளத்துக்கு எண்ணெய்க் காசு, வலை தைக்கும் கூலி, எஞ்சின் ரிப்பேர் என்று எல்லாம் என் கையிலிருந்துதான் போனது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. ஆட்கள் வேறொரு வள்ளத்தில் ஏறித் தப்பி வந்தார்கள், கடவுள் புண்ணியம். அந்த நாட்களில் இந்தக் கரையில் நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு ஆளே திரும்பி வரவில்லை; அதற்கு முன்னால் வள்ளத்தைப் பேசுவதே பாவம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு வள்ளத்துக்கு நஷ்டஈடு வந்தது. பதிவு யார் பேரிலோ அவர் கணக்குக்குப் போனது. ஆபீசில் அந்த அம்மா தாளைத் திருப்பி என் பக்கம் காட்டி, "இதில் உங்கள் பேர் எங்கேயும் இல்லையே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மாமா சாகும்வரை தன் தம்பியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன மாமா வீட்டு மாடி எழும்பியது எந்தப் பணத்தில் என்று ஊருக்கே தெரியும்.

இங்கே புதுத் துறைமுகம் வந்தபோதும் இதையேதான் பார்த்தேன். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது, 2025 மே மாதம் பிரதமர் வந்து துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார், இப்போது மொட்டை மாடியில் நின்றால் ராத்திரி முழுக்கக் கிரேன் வெளிச்சம். வாழ்வாதாரம் போனவர்களுக்குப் பணம் கொடுத்தபோது பட்டியலில் பேர் இருந்தவருக்குக் கிடைத்தது. பட்டியலில் இல்லாதவர் எத்தனை வருஷம் இந்தக் கரையில் மீன் விற்றிருந்தாலும் திரும்பிப் போனார்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. நீ எழுதியிருந்தாய், இந்தப் பயணம் உன் சுதந்திரம் என்று. சாவி யார் பாக்கெட்டில் இருக்கும்? நாளைக்கு உங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்து, ஹம்பியிலோ கோகர்ணத்திலோ நீ இறங்கவேண்டி வந்தால், பையைத் தூக்கிக்கொண்டு நீ இறங்குவாய். வண்டி அவருடையது, தாளின்படி நாயும் அவருடையது. அந்த இடத்தில் நின்று நீ யாரிடம் என்ன காட்டுவாய்?

பாலராமபுரத்தில் நமக்கு இன்ஷூரன்ஸ் பார்க்கிற பையனிடம் போய் உட்கார்ந்து விவரம் கேட்டேன். வண்டி இன்ஷூரன்ஸோடு கட்டாயமாக எடுக்கிற 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளரே ஓட்டினால் அவருக்குத்தான். வண்டி அவர் பேரில் இருந்து நீ ஓட்டினால், தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால் ஒழிய, உனக்கு அது கிடையாது. மலைப்பாதை உனக்குத்தான் நன்றாக வரும், அவருக்குப் பயம் என்று நீயே சொன்னாய். அப்போது மலையில் ஸ்டியரிங் பிடிப்பது நீ, காப்பு அவருக்கு.

இன்னொன்றும் சொன்னான். கட்டில், அடுப்பு, சோலார் எல்லாம் வைத்து வெல்டிங் பண்ணிய வண்டிக்கு ஆர்.சி.யில் திருத்தம் இருக்கிறதா? கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரவன் என்று பதிவு பண்ணுவதற்கு ஏஐஎஸ் 124 என்று தனி விதி இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் வாங்கிக் கட்டவேண்டும். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். டிராவலரை வீடாக்கி நாடு சுற்றி வீடியோ போட்ட சகோதரர்கள், நீயும் விழுந்து விழுந்து பார்ப்பாயே, அவர்கள் வண்டியை மோட்டார் வாகனத் துறை பிடித்து, பதிவை நிறுத்தி, ஆபீசில் தகராறாகிக் கைதுவரை போனது. அதே மாதிரி வண்டி, அதே மாதிரி வேலைப்பாடு. இங்கே அரசாங்கமே 2021-ல் கேரவன் சுற்றுலா என்று அறிவித்து வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்திருக்கிறது என்று நீ சொல்வாய். அந்த வண்டிகள் அதற்கென்று பதிவானவை, மகளே.

செம்பிக்கு வருகிறேன். அடிமலைத்துறை இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். 2021 ஜூன் மாதம் அங்கே புரூனோ என்ற லாப்ரடாரை எப்படிக் கொன்றார்கள் என்று நான் மறுபடி எழுத விரும்பவில்லை. கரையில் கிடந்த வள்ளத்தின் கீழே போய்ப் படுப்பது அதன் வழக்கம், அவ்வளவுதான் அது பண்ணிய குற்றம். ஆனால் அது யாருமில்லாத நாயாக இல்லை. வளர்த்த பிள்ளை விடாமல் போலீசுக்குப் போனான், ஊர் உலகத்துக்குச் சொன்னான், மூன்று பேர் பிடிபட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அந்த வழக்குக்கே புரூனோவின் பெயரை வைத்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளாட்சியில் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று அந்த வழக்கில்தான் வற்புறுத்தினார்கள். 2025-ல் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கமெல்லாம் நாயைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. செம்பி நாட்டு நாய். லாப்ரடார் என்றால் வீட்டு நாய் என்பார்கள். செம்பியைப் பார்த்தால் தெருநாய் என்றுதான் எவனும் நினைப்பான். கழுத்தில் பட்டையும் அதில் உன் ஃபோன் நம்பரும், கையில் உன் பேரில் லைசென்சும் இல்லாமல் அது வண்டியைவிட்டுக் கீழே இறங்கக் கூடாது. தடுப்பூசிப் புத்தகத்தையும் மாற்றி எழுதி வாங்கு. இதை மட்டும் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லாதே, நாளைக்கே செய்.

ஸ்டைன்பெக் புத்தகத்தை நீதான் எனக்குத் தந்தாய். 1960-ல், 58 வயதில், சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். நானும் படித்தேன். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. அவர் போன வண்டியை அவரே கம்பெனிக்கு எழுதி, தனக்கு இப்படி இப்படி வேண்டும் என்று சொல்லிச் செய்வித்தார். அதற்கு ரோசினான்டே என்று பேரும் அவரே வைத்தார். சார்லிக்கு வழியில் மூத்திரக் கோளாறு வந்தபோது எந்த டாக்டரை நம்புவது, எவரை விடுவது என்று அவரே முடிவு பண்ணினார். உன் வண்டியில் அப்படி ஒரு முடிவு எடுக்க உனக்கு இடம் இருக்கவேண்டும்.

போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் தடுக்கவில்லை. இப்போதுள்ளபடியே போகலாம்: அவர் வண்டி, அவர் பேர், உன் பணம். இல்லையென்றால், அந்தப் பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கி, பழைய ஈக்கோ வேன் ஒன்றை உன் பேரில் வாங்கலாம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யில் உன் பேர் ஏறிய பிறகு மிச்சப் பணம் கொடு, அதற்கு முன்னால் கொடுக்காதே. எதையும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், சீட்டை மடக்கி மேலே கழற்றி எடுக்கிற பலகை போட்டு மெத்தை விரித்தால் உனக்கும் செம்பிக்கும் அது போதும். அந்தத் தம்பி வரட்டுமே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரட்டும், நான் வேண்டாமென்றா சொல்கிறேன்? பணம் குறைந்தால் என் போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் இருக்கிறது. அது என் பேரில் இருக்கிறது, யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இன்னும் சிலது. ஏப்ரல், மே மாதத்தில் புறப்படாதே. கடற்கரை நாய், வெயில் தாங்கும் என்று எண்ணாதே. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிறுத்தி மூடிய வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. டீ குடிக்கப் போனாலும் அதையும் இறக்கிக்கொண்டு போ. தார் ரோட்டில் இறக்குமுன் உன் புறங்கையை வைத்துப் பார்; உனக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. துறைமுகக் கரைகளில் வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கிடக்கும், வயிறு ஊதிக்கொண்டு பந்துபோல் இருக்கும், முகரக்கூட விடாதே, விஷம். ராத்திரி படுக்குமுன் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார். வால்பாறைப் பக்கம் போனால் இருட்டிய பிறகு அதை வெளியே விடவே விடாதே, சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு இஷ்டம். பந்திப்பூர் வழி ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை அடைப்பு, அதைக் கணக்குப் போட்டுக் கிளம்பு. உன்னை ஏதாவது நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அவசரத்துக்குக் கூப்பிட 112, 181 இரண்டும் உனக்கு. 1962 கால்நடை ஆம்புலன்ஸ், பெரும்பாலும் மாட்டுக்காரர்கள் கூப்பிடுவது, ஆனாலும் எழுதி ஒட்டிவை.

படித்து முகம் சுருங்கியிருப்பாய். நான் உன்னைத் திட்டவில்லை, என் தங்கமே. நம் குடும்பத்தில் வண்டி ஓட்டிய முதல் பெண்பிள்ளை நீ. நீ கியர் மாற்றுகிறபோது உன் பாட்டி பார்த்திருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள். அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறான், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனானே, அதை நான் மறக்கவில்லை. அவனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. எந்த வண்டியானாலும் பயணத்தின் முதல் ராத்திரி இங்கேதான். முற்றத்தில் நிறுத்து, செம்பி கிணற்றடியில் படுக்கட்டும், உங்கள் இருவருக்கும் நெய்மீன் குழம்பும் கப்பையும். முந்திரிக்கொத்து உனக்கு ஒரு டப்பா, அவனுக்குத் தனியாக ஒரு டப்பா பண்ணி வைக்கிறேன். செம்பிக்கு உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி ஏற்கெனவே டின்னில் இருக்கிறது. எப்போது வருகிறாய் என்று எழுது, மீன் சொல்லி வைக்கவேண்டும்.

எப்போதும் உன்
அத்தை