குடியை விட விரும்புவோருக்கு ஒரு கூட்டம்

சங்கங்களில் தவணை தவறிய கணக்குகளை ஆராயும்போது, மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது, மரவள்ளிக்கு விலை இல்லை என்னும் காரணங்கள் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். எழுதப்படாத காரணம் ஒன்றும் உண்டு. கூலி வாங்கிய கை, வீட்டை அடையுமுன் வெறுங்கையாகி விடுவதே அது. தறி குழியில் கிடக்கிறது; பாவு பாதியில் நிற்கிறது; குடும்பம் வாய் திறவாமல் வருந்துகிறது. இதற்கு வழி உண்டா என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நம் பகுதியின் அனுபவம்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி, மதுவிலக்குப் பிரசாரத்திற்கென்றே ‘விமோசனம்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். பின்னர் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்த்தப்பட்டது, மேலும் சில மாறுதல்களைக் கண்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. ஆகவே, கடை திறந்திருக்கும்போதே அதைக் கடந்து வீடு செல்லும் வல்லமை இன்று ஒருவனுக்கு வேண்டியிருக்கிறது. அதைத் தனியே பெறுவது அரிது.

முதலில் மருத்துவர்

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பது மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. கோயிலில் சத்தியம் செய்தவன் மறுவாரம் குடித்தால், அவன் பொய்யன் என்று முடிவு கட்டலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை உண்டாகும். சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் வீட்டில் அடைத்துப் போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவற்றில் மனநல மருத்துவரை அணுகலாம்.

பிறகு துணை

மருந்து உடலைத் தேற்றும். ஊர் திரும்பியபின் பழைய கூட்டாளிகளுக்கு ஈடாகப் புதிய துணை வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாகித் தெளிவு பெற்றனர். அவர்களிடமிருந்து தோன்றியதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு. இந்தியாவுக்கு அது 1957-இல் வந்தது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே இதில் சேரும் தகுதி. சந்தா இல்லை, விரும்பியோர் இடுவதைக் கொண்டே செலவை நடத்துவர், வெளியார் நன்கொடை ஏற்பதில்லை. அங்கு கேட்டதையும் கண்டவர் பெயரையும் வெளியே சொல்வதில்லை. 1844-இல் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடை தொடங்கியோருள் நெசவாளரும் இருந்தனர். தன்னுதவியும் பரஸ்பர உதவியுமே அவர்களுக்கு வழி, இவர்களுக்கும் அதுவே.

கூட்டத்தைக் கண்டறியும் முறை

1. சிகிச்சை அளித்த மருத்துவரையோ மருத்துவமனை ஆலோசகரையோ கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-க்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

2. நாள், நேரம், இடம், பேசும் மொழி ஆகியவற்றை முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே.

3. சொந்த ஊரில் கூச்சமாயிருந்தால் அடுத்த ஊர்க் கூட்டத்திற்குச் செல்லுங்கள். கூலி வாங்கும் நாளின் மாலையில் நடக்கும் கூட்டம் கிடைத்தால் மிகவும் நன்று. தவறும் நேரம் அதுவே.

4. முதல் நாள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். ஒரு கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிட்டால் வேறொன்றைத் தேடுங்கள். ஒரு முறை சென்றதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

5. குடும்பத்தார்க்கென ‘அல்-அனான்’ என்னும் தனி அமைப்பு 1951 முதல் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி மக்கள் ஆறுதல் தேடிச் செல்லலாம்.

சங்கத்தின் கடமை

இத்தகைய அங்கத்தினரின் பெயரைப் பேரவையில் எழுப்புவதோ ஏட்டில் குறிப்பதோ கூடாது. அவருக்கு நூல் கொடுப்பதை நிறுத்துவது, தெளிவதற்கு உரிய தொழிலையே பறிப்பதாகும். அவரே இசைந்தால் கூலியை வீட்டார் கணக்கில் செலுத்தலாம். கூட்டம் நடத்த இடம் கேட்டு வருவோர்க்கு, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தைச் சிறு வாடகைக்குத் திறந்துவிடலாம்.

தெளிந்தவர் மீண்டும் ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று கைவிட வேண்டாம். இழை அறுந்ததற்காக எந்த நெசவாளரும் பாவையே அறுத்தெறிவதில்லை. முடிச்சிட்டு மேலே நெய்கிறார். அன்றே அவரை மறுபடியும் கூட்டத்திற்கு அழைத்துச் செல்க.

அங்கத்தினர் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரிலிருந்து எளிதில் செல்லத்தக்க கூட்டம் எங்கே நடைபெறுகிறது?

2. கூலி வழங்கும் நாளையும் நேரத்தையும் மாற்றினால் குடும்பங்களுக்கு நன்மை உண்டா?

3. குடியை விட்டு வந்தவரை நம் சங்கத்தில் எவ்வாறு வரவேற்கிறோம்?