கிறிஸ்துமஸ் மரத்தின் தாகம்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்கழி பிறக்கும் நாட்களில் மைசூரின் அசோகா ரோடு வழியே அதிகாலையில் நடந்து செல்கிறவர், பனி மெல்ல விலக விலக, 175 அடி உயரம் எழுந்து நிற்கும் புனித பிலோமினம்மாள் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வானத்தில் தோன்றுவதைக் காண்பார். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1843-ஆம் ஆண்டு ஓர் ஆலயம் எழுந்த அந்த ஸ்தானத்தில், 1933-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அஸ்திவாரக் கல் நாட்ட, ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தவை அக்கோபுரங்கள். அதே ரைன் நதிக்கரைச் சீமையிலிருந்து நமக்கு வந்த இன்னொரு வழக்கம் உண்டு. பண்டிகைக் காலத்தில் பச்சை மரம் ஒன்றை வீட்டுக்குள் நிறுத்தி அலங்கரிக்கும் வழக்கமே அது. 1605-ஆம் ஆண்டிலேயே ஸ்டிராஸ்பர்க் நகரத்தார் தங்கள் கூடங்களில் மரம் நிறுத்திக் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டார்கள் என்பதற்கு அக்காலத்துக் குறிப்பு இருக்கிறது. கல்லால் ஆன கோபுரம் எந்தச் சீதோஷ்ணத்திலும் நிற்கும். மரமோ ஜீவனுள்ள வஸ்து. தான் வந்து சேர்ந்த தேசத்தின் காற்றையும் வெயிலையும் அது அனுபவித்தே ஆக வேண்டும்.

குளிர்தேசத்தார் வீட்டுக்குக் கொண்டுவரும் ஃபர் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய கூம்பு மர இனம் நாகேயா என்ற ஒன்றுதான். அதுவும் ஊசியிலைக்குப் பதிலாக அகன்ற இலை கொண்டது. ஆகையால் நம் குடும்பங்கள் சவுக்குக் கிளையையோ சைப்ரஸ் மரத்தின் நுனியையோ வெட்டி வந்து நிறுத்துகின்றன. சிலர் அரோகேரியாச் செடியைத் தொட்டியோடு வாங்கி வருகிறார்கள். என் சிறு பிராயத்தில் எங்கள் வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு சவுக்குக் கிளை வரும். வாளி மணலில் ஊன்றி, அடியில் ஒரு பிடி சர்க்கரை தூவி, ஜன்னலோரம் வெயிலில் நிறுத்தி, எங்களுக்குத் தெரிந்த உபசாரங்களையெல்லாம் செய்வோம். ஆயினும் 24-ஆம் தேதி இரவு நடுநிசிப் பூசைக்குப் புறப்படும் நேரத்திலேயே அதன் இழைகள் தரையில் உதிர்ந்து கிடக்கும். அன்பில் குறைவிருந்ததால் அது வாடவில்லை. அன்போடு கலந்திருந்த தவறான நம்பிக்கைகளால் வாடிற்று. அவற்றில் முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: வெட்டிய மரம் இறந்த மரம், தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான்.

உண்மை: வேரை விட்டுப் பிரிந்தாலும் மரம் அந்தக் கணத்திலேயே இறந்துவிடுவதில்லை. அதன் இலைகளிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே நீர் ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டே இருக்கிறது. அப்படிப் போன நீரை ஈடுசெய்யும் பொருட்டு, இலைகள் தண்டிலுள்ள நுண்குழாய்களின் வழியே கீழிருந்து நீரை இழுக்கின்றன. இந்த இழுப்புக்கு வேர் அவசியமில்லை. வெட்டுவாய் நீருக்குள் இருந்தால் போதும். மரம் வளர்ப்போர் அனுபவத்தில் கண்ட கணக்குப்படி, அடித்தண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்படும். மூன்று அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு மூன்று லிட்டர், அதாவது ஒரு சிறு குடம் தண்ணீர். வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில்தான் அதன் தாகம் அதிகம். அந்த நாட்களில் தினம் இரண்டு முறை பார்த்து நீர் நிரப்புகிறவர் வீட்டு மரம், பிறர் வீட்டு மரம் காய்ந்த பிறகும் பசுமையாக நிற்கும்.

நம்பிக்கை: சர்க்கரை, ஆஸ்பிரின் மாத்திரை, செப்புக்காசு, சோடா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் போட்டால் மரம் நெடுநாள் வாடாது.

உண்மை: வெறும் தண்ணீரே போதும், அதைவிட மேலானது எதுவுமில்லை. பல ஆண்டுகள் கிறிஸ்துமஸ் மரங்களையே ஆராய்ந்தவரும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர நோயியல் அறிஞருமான கேரி சாஸ்டாக்னர் தெரிவித்த முடிவும் இதுவே. சர்க்கரை பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. ஜாடியில் வைக்கும் மலர்களுக்குச் சிறிது சர்க்கரையும், கிருமி வளராமல் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மொக்கு மலர்வதற்கு அந்தச் சர்க்கரை ஆகாரமாகிறது. நம் மரத்திலோ மலர வேண்டிய மொக்கு எதுவுமில்லை. மருந்தில்லாத சர்க்கரைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கே விருந்தாகி, அவை பெருகி நீர்க்குழாய்களின் வாயை அடைத்துவிடுகின்றன. தேவராஜ மார்க்கெட்டில் மைசூர் மல்லிகை விற்பவர்களைப் பாருங்கள். அவர்கள் பூவின் மேல் தூவுவது தண்ணீரை மட்டுமே. மூடுவது ஈரத்துணியால் மட்டுமே. வாடும் பொருளை வைத்து ஜீவனம் செய்பவர்கள் கண்ட உபாயம் அது. நாமும் அதையே பிரமாணமாகக் கொள்ளலாம்.

நம்பிக்கை: அடியைச் சாய்வாக வெட்டி, பட்டையைச் சீவி, நடுவில் ஒரு துளையும் இட்டால் மரம் அதிக நீர் குடிக்கும்.

உண்மை: இம்மூன்றும் பிரயோஜனமற்றவை; இரண்டாவதோ தீங்கே விளைவிப்பது. தண்டின் நடுப்பாகம் பெரும்பாலும் மரத்தைத் தாங்கி நிற்பதற்கே உதவுகிறது. நீரை அதிகமாக மேலேற்றுவது பட்டையை அடுத்துள்ள வெளிப்புற மரப்பகுதி. வாளியின் வாய்க்கோ தாங்கியின் வளையத்துக்கோ பொருந்தவில்லை என்று அரிவாளால் அடியைச் சீவும்போது, நீர் குடிக்கும் வாயையே நாம் சீவி எறிந்துவிடுகிறோம். மரத்துக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேட வேண்டுமேயன்றி, பாத்திரத்துக்கு ஏற்றவாறு மரத்தைச் செதுக்கலாகாது. செய்ய வேண்டியது வேறொன்று. வெட்டிய சிறிது நேரத்துக்குள் குழாய்களில் காற்று புகுந்துவிடுகிறது. பிசினுள்ள மரங்களில் வெட்டுவாயின் மேல் பிசினும் படிகிறது. ஆகவே வீட்டுக்கு வந்தவுடன், அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்குள்ளான ஒரு வில்லையை ரம்பத்தால் நேராக அறுத்தெடுத்துவிட்டு, தாமதமின்றி நீரில் வைக்க வேண்டும். புதிதாக அறுத்த மரம் ஆறு, எட்டு மணி நேரம் வரை பொறுக்கும். அதற்குப் பின் அதன் குடிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். தண்ணீர் குளிர்ந்ததாயினும் வெந்நீராயினும் பேதமில்லை.

நம்பிக்கை: ஈர மணல் வாளியில் ஊன்றினால் போதும்.

உண்மை: மேல்மணல் ஈரமாகத் தெரியும்போதே உள்ளே வெட்டுவாய் உலர்ந்து போயிருக்கலாம், அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை நீர்மட்டம் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், குழாய்களில் மீண்டும் காற்று ஏறிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் மரம் முன்போல் குடிக்காது. மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்களையும் செங்கல் துண்டுகளையும் இறுக்கமாக அடுக்கி மரத்தை நிறுத்தி, அவற்றின் இடையே நீர் தேங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வதே உத்தமம்.

நம்பிக்கை: மைசூரின் குளிர்ச்சி ஒன்றே மரத்தைக் காப்பாற்றும், காற்றும் வெயிலும் பட்டால் இன்னும் நன்று.

உண்மை: கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் நகரத்துக்கு டிசம்பர் மாதத்தில் இதமான இரவுகள் வாய்த்திருக்கின்றன என்பது மெய்யே. ஆனால் இரவில் 16, 17 பாகைக்கு இறங்கும் வெப்பம் பகலில் 27 பாகைக்கு மேலும் ஏறுகிறது; மழைக்காலம் விடைபெற்றுச் செல்லும் அந்நாட்களில் பிற்பகல் காற்றில் ஈரம் குறைவு. உலர்ந்த காற்றும் வெயிலும் சேர்ந்தால் இலைகளிலிருந்து நீர் விரைந்து போகும். வேரூன்றிய மரத்துக்கு வெயில் ஆகாரம். வெட்டிய மரத்துக்கு அது நஷ்டம். ஆதலால் மேற்கு ஜன்னலருகிலும் மின்விசிறியின் கீழும் மரத்தை நிறுத்தாமல், கூடத்தின் நிழலான மூலையில் நிறுத்த வேண்டும். குளிர்தேசங்களில் நல்ல ஃபர் மரங்கள் நீரில் நின்றால் ஒரு மாதத்துக்கும் மேலாக இலை உதிர்க்காமல் இருக்கும். அந்தக் கணக்கை நம் சவுக்குக்கும் சைப்ரஸுக்கும் பொருத்தி, டிசம்பர் முதல் தேதியிலேயே வெட்டிக் கொண்டுவருவது சரியன்று. 20-ஆம் தேதிக்குப் பின் கொண்டுவந்தால், ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை காப்பது எளிதாகும்.

நம்பிக்கை: பச்சையாக இருக்கும்வரை மரத்தில் ஈரம் இருக்கிறது, தீ பற்றாது.

உண்மை: இந்த நம்பிக்கையே மற்றெல்லாவற்றிலும் அபாயமானது. சவுக்கில் ஊசியிலை போல நமக்குத் தோன்றுபவை உண்மையில் இலைகளே அல்ல. கணுக்கணுவாக அமைந்த மெல்லிய பச்சைத் தண்டுகள். இலைகளோ ஒவ்வொரு கணுவிலும் சிறு பற்களைப் போல ஒடுங்கிக் கிடக்கின்றன. இத்தகைய கிளைகளில் ஈரம் வற்றத் தொடங்கிய பிறகும் நிறம் சில நாள் மாறாதிருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், ஓர் இழையை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் உண்டு. ஒடிந்தால், அல்லது கையால் உருவும்போது உதிர்ந்தால், அந்த மரம் பண்டிகைக்கு உரியதன்று, உடனே வெளியே எடுத்துப் போட வேண்டியது. காய்ந்த மரத்தில் பற்றிய தீ ஓரிரு நிமிஷத்துக்குள் அறை முழுவதும் பரவிவிடும். மெழுகுவர்த்திகளே எரிந்த காலத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இந்த ஆபத்து நேர்ந்தது. எடிசனின் சகாவான எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்ட பிறகே அந்த அபாயம் குறையத் தொடங்கிற்று. இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகள் மிகக் குறைந்த வெப்பமே தருபவை. ஆயினும் நைந்த கம்பியும் காய்ந்த மரமும், பக்கத்திலேயே குடிலில் பரப்பிய வைக்கோலும் ஒன்றுசேர இடங்கொடுக்கலாகாது. உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுங்கள். பளபளப்புக்காகக் கூந்தல் ஸ்பிரேயை மரத்தின் மேல் தெளிப்பதும் கூடாது. அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

நம்பிக்கை: தொட்டி அரோகேரியாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், உயரம் மிஞ்சினால் நுனியை வெட்டலாம், வெட்டிய பக்கக் கிளையை நட்டால் இன்னொரு மரம் கிடைக்கும்.

உண்மை: 1908 முதல் மைசூர் சமஸ்தானத்தின் தோட்டங்களைப் பேணி, எத்தனையோ அயல்நாட்டு மரங்களை இம்மண்ணில் பழக்கியவரும் ஒரு ஜெர்மானியரே, அவர் கிரும்பிகல். எந்த மரமானாலும் அதன் சுபாவத்தை அறிந்தவனுக்கே அது வசப்படும் என்பதை அவர் அமைத்த தோட்டங்கள் இன்றும் நமக்கு உணர்த்துகின்றன. நார்ஃபோக் தீவிலும் நியூ கலிடோனியாவிலும் பிறந்த அரோகேரியாவின் சுபாவம் வெட்டிய மரத்தின் சுபாவத்துக்கு நேர்மாறானது. இதற்கு வேர் உண்டு; ஆகையால் வெளிச்சம் வேண்டும், தேங்கிய நீரோ ஆகாது. அழகுக்காகத் தொட்டியைச் சுற்றி ஒட்டும் ஜிகினாத்தாள் நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும், அதை நீக்கிவிடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின் நீர் விட்டால் போதும். நடுநுனியை வெட்டினால் அந்த அழகிய கோபுர வடிவம் திரும்ப வாராது. வாடி விழுந்த கீழ்க்கிளையின் இடத்தில் புதுக்கிளை தோன்றாது. பக்கக் கிளையை நட்டு அது வேர்விட்டாலும், மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டிலேயே படர்ந்து வளரும். நிமிர்ந்த மரம் விதையிலிருந்தோ நடுநுனியிலிருந்தோதான் உண்டாகும். பண்டிகைக்குப் பின் அதைத் தரையில் நட விரும்புவோர், தாயகத்தில் அது 50 மீட்டருக்கு மேல் வளரும் மரம் என்பதை நினைவில் வைத்து, வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் தூரமாக இடம் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் தொகுத்துச் சொன்னால், வெட்டிய மரத்துக்கு வேண்டியவை மூன்றே: புதிதாக அறுத்த அடி, நிழலான இடம், ஒருபோதும் வற்றாத வெறும் தண்ணீர். தன் மண்ணையும் வேரையும் விட்டு நம் பண்டிகைக்காக வந்து நிற்கும் அந்த ஜீவனுக்கு இனி நீரைத் தேடிக்கொள்ளச் சக்தியில்லை. அதை வெட்டிக் கொண்டுவந்த நமக்கே அந்தக் கடமை உரியது. ஆகவே இந்த டிசம்பரில், குடும்ப ஜெபத்துக்கு உட்காருமுன் ஒரு செம்பு நீரோடு மரத்தருகே செல்லுங்கள். குழந்தைகளையும் அழைத்துச் சென்று, நீர்மட்டம் வெட்டுவாய்க்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.