வெயிலில் வெளுக்கும் கல்

ராஜஸ்தானில் உள்ளது ஜெய்ப்பூர் நகரம். அங்கே ஜோஹரி பஜார் என்று ஒரு கடைத்தெரு. ஜோஹரி என்றால் ரத்தின வியாபாரி. கல்லுக்குப் பட்டை தீட்டுவது அந்த ஊரில் பெரிய தொழில். பல குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன.

அங்கே விற்கும் கற்களில் ஒன்று புக்ராஜ். தமிழில் கனக புஷ்பராகம் என்பார்கள். மஞ்சள் நிறக் கல். குருவுக்கு உரிய கல் என்று நம்பி மோதிரத்தில் பதித்துப் போடுகிறார்கள். நல்ல மஞ்சளுக்கு விலை அதிகம். வெளிறிய கல்லுக்கு விலை குறைவு. இங்கேதான் ஆசை வருகிறது. வெளிறிய கல்லுக்குச் சிலர் நிறம் ஏற்றுகிறார்கள்.

உலையில் வைத்துச் சூடேற்றுவது ஒரு வழி. அப்படி வந்த மஞ்சள் நிலைத்து நிற்கும். வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். அவ்வளவுதான்.

காமா கதிர் போன்ற கதிர்வீச்சைப் பாய்ச்சுவது இன்னொரு வழி. கதிர் பட்டதும் கல்லுக்குள் எலக்ட்ரான் என்னும் மிகச் சிறிய துகள்கள் இடம் மாறிச் சிக்கிக்கொள்கின்றன. அதனால் மஞ்சள் தெரிகிறது. வெயில் பட்டால் அவை விடுபட்டுவிடும். மஞ்சளும் போய்விடும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய கல் சில நாளில் வெளுத்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் இதை முன்பே கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் வெளிச்சம் காட்டிக் கொடுக்கும். ஒரே நிறமுள்ள இரண்டு கற்களை எடுக்க வேண்டும். ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். சோதிக்க வேண்டிய கல்லைச் சில நாட்கள் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் வைக்கும் கல் எதற்கு? நேற்றைய நிறத்தைக் கண் மறந்துவிடும். பெட்டியில் இருக்கும் கல் மறக்காது.

அவசரம் என்றால் 150 வாட் பல்பின் அருகே சில மணி நேரம் வைப்பதும் உண்டு. கல் மிகவும் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டிலும் இந்த நிறம் போகும். அப்போது எதனால் வெளுத்தது என்று தெரியாது.

வெளுக்கும் கல் எல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. 1917-இல் பிரேசில் நாட்டில் ஒரு சுரங்கத்தில் ஆழ்ந்த நீலக் கல் கிடைத்தது. அது பெரில் இனத்துக் கல். மரகதமும் அதே இனம்தான். யாரும் அந்தக் கல்லுக்கு நிறம் ஏற்றவில்லை. அதுவும் வெளிச்சத்தில் வெளுத்தது.

ஒன்று முக்கியம். சோதனையில் வெளுத்த கல்லின் விலையும் விழுந்துவிடும். விற்பவர் சண்டைக்கு வருவார். ஆகவே அவரிடம் முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால், "நிறம் வெளுத்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். கல்லின் பெயரும் எடையும் அதில் இருக்கின்றனவா என்று கடையிலேயே நின்று படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.